தடை சொன்னவளின் வழக்கு

பனமலையை அடுத்த ஒரு சிற்றூரில், சென்ற பிப்ரவரித் திங்களில், புனித அருளானந்தரின் திருநாளையொட்டி நடந்த கூத்தை விடியும் வரை அமர்ந்து கண்டோம். செஞ்சிப் பகுதி கூத்துக்குப் பேர்போன மண். பாரதக் கூத்துக்குப் புனையும் அதே கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து தடியத்தேவர் சபைக்கு வந்தார். காவியுடுத்து, கையில் கோலேந்தி அருளானந்தர் வந்தார். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் குறைவின்றி ஒலித்தன. உபதேசியார் நோயாளியின் தலைமாட்டில் நின்று நற்செய்தி வாசித்த காட்சியில், பனியில் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்த முதியோர் பலர் கைகூப்பினர். நம் மறைசாட்சியின் வரலாற்றை நம் மண்ணின் கலையிலேயே கண்ட நிறைவு நமக்கும் உண்டாயிற்று.

ஆனால் அக்கூத்தில் ஒரு காட்சி நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்துவிட்டது. திருமுழுக்குப் பெற விரும்பும் தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்க வேண்டும். அந்தக் காட்சியை நகைச்சுவைக்காகக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்திருந்தார்கள். பெண் வேடமிட்ட ஆண்கள் வரிசையாக வந்து நிற்க, கட்டியங்காரன் கோலை வீசியபடி, “அடுத்தவ யாரு? மூட்டையைக் கட்டு!” என்று ஒவ்வொருவரையும் விரட்டினான். ஒருத்தி திரும்பி வந்து முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். சபை குலுங்கிச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அடுத்த காட்சியில், விலக்கப்பட்டவருள் இளையவளான கடலாயி தலைவிரி கோலமாய், செவ்விளக்கின் ஒளியில், பற்களை நறநறவெனக் கடித்துக்கொண்டு சேதுபதியின் அவைக்குள் நுழைந்தபோது, சற்றுமுன் முறத்தோடு ஓடியவள் இவளேதான் என்பதைச் சபையில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நம் பங்குகளில் நடிக்கப்பெறும் அருளானந்தர் நாடகங்கள் பலவற்றையும், அவர் திருநாளில் நிகழும் மறையுரைகள் பலவற்றையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். பனமலைக் கூத்தர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அவர்கள் நாம் காலங்காலமாய்ச் சொல்லிவரும் கதையைத்தான் ஆடிக்காட்டினர். குறை கதை சொல்லும் முறையில் இருக்கிறது. திருமணத் தடை என்பதைத் திருச்சபைச் சட்டம் எவ்வாறு எண்ணுகிறதோ, அவ்வாறு நம் இலக்கியம் எண்ணவில்லை என்பதே நாம் கூற வருவது.

முதலில் வரலாற்றை நினைவுகூர்வோம். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து, தொடக்க காலத்தில் செஞ்சி நாட்டு ஊர்களிலும் நடந்து பணியாற்றி, அருளானந்தர் எனப் பெயர் பெற்றார். 1686இல் மறவர் நாட்டில் துன்புறுத்தப்பட்டார். ஐரோப்பா சென்று மீண்டும் தமிழகம் திரும்பினார். மறவர் நாட்டுத் தலைவருள் ஒருவரான தடியத்தேவர், கடும் நோயினின்று நலம்பெற்றபின், 1693ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு உறவினள். அவள் அரசனிடம் முறையிட்டாள். திருமுழுக்கு நிகழ்ந்த சில நாள்களிலேயே அருளானந்தர் சிறைப்பட்டார். அதே ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். 1853இல் அருளாளராகவும், 1947இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

தமிழ் மண்ணில் திருமணத் தடை பற்றிய வழக்கு ஒன்று இரத்தத்தில் முடிந்த வரலாறு இது. முன்னைய திருமணப் பிணைப்பு நிலைத்திருக்கையில் வேறொரு திருமணம் செல்லாது என்பது அருளானந்தர் போதித்த நெறி. இன்றைய சட்டத்தொகுப்பின் 1085ஆம் எண்ணும் அதையே கூறுகிறது. அந்நெறியில் தவறு காண எவருக்கும் இடமில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி பெண்ணின் மாண்பைக் காத்த நெறி.

ஆயினும் இவ்வரலாற்றை நாம் சொல்லும்போது, நற்செய்தியில் வரும் ஏரோதியாளின் கதையை அதன்மேல் அப்படியே போர்த்திவிடுகிறோம். திருமுழுக்கு யோவானும் ஒரு திருமணத்தைக் கண்டித்தார். அவரும் தலை வெட்டுண்டார். அதற்கும் ஒரு பெண்ணின் சினமே காரணமாயிற்று. நம் புனிதரின் பெயரும் யோவானே. எனவே ஒப்புமை கண்ணைக் கவர்கிறது. கடலாயி ஏரோதியாள் ஆகிறாள். சேதுபதி ஏரோது ஆகிறான்.

ஒப்புமை எங்கே பொருந்துகிறது என்பதைப் போலவே எங்கே பொருந்தவில்லை என்பதையும் காண்பது திறனாய்வின் கடமை. ஏரோதியாள், கணவன் உயிரோடிருக்க அவனை விட்டு அவன் சகோதரனோடு வாழ்ந்தவள். மோசேயின் சட்டத்தை அறிந்த மக்களிடையே அச்சட்டத்தை மீறியவள். கடலாயியோ, தன் நாட்டு வழக்கப்படி, ஊரறிய மணம்செய்து கொடுக்கப்பட்டவள். அவள் மீறிய சட்டம் எதுவுமில்லை. ஒருநாள் காலையில் அவள் மனைவியாக எழுந்தாள். அன்றே மனைவி அல்லள் என்று சொல்லப்பட்டாள். ஏரோதியாளுக்கு யோவான் சொன்னது அவள் அறிந்திருந்த நெறி. கடலாயிக்குச் சொல்லப்பட்டது அவள் கேட்டறியாத நெறி. இவ்விருவரையும் ஒரே வேடத்தில் மேடையேற்றும் நாடகம், வரலாற்றையும் விவிலியத்தையும் ஒருங்கே மங்கச் செய்கிறது.

அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் மறைபோதகர்களின் மடல்கள் வழியே வந்தவை. அவள் முறையிட்டாள் என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. அவள் பற்களைக் கடித்தாள் என்பது நம் கற்பனை. அரசனின் முடிவில் அரசியலும் கலந்திருந்தது. செல்வாக்குள்ள தலைவன் ஒருவன் புதிய சமயத்தைத் தழுவியதை அவன் அஞ்சினான் என்று வரலாற்றறிஞர் சுட்டுவர். நம் நாடகங்களோ அரசனின் அச்சத்தையும் அவன் தம்பியின் வாளையும் ஒரு பெண்ணின் விரித்த கூந்தலுக்குள் மறைத்துவிடுகின்றன.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். “தடை” என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் ஒருவித நடுக்கம் தோன்றுகிறது. நல்ல காரியத்தின் குறுக்கே கோயில் போடும் கட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டத்தொகுப்பின் 1083 முதல் 1094 வரையுள்ள எண்கள் திருமணத்தைச் செல்லாததாக்கும் பன்னிரண்டு தடைகளைக் கூறுகின்றன: வயது குறைவு, மணவாழ்வுக்குரிய உடலாற்றல் இன்மை, முன்னைய திருமணப் பிணைப்பு, சமய வேறுபாடு, திருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு, பெண்ணைக் கடத்துதல், கணவன் அல்லது மனைவியைக் கொன்ற குற்றம், இரத்த உறவு, திருமண உறவு, பொது ஒழுங்கு, தத்து உறவு. முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுடைய நம் மக்கள் இரத்த உறவுத் தடையை நன்கு அறிவர். அதற்கு விதிவிலக்குப் பெறும் விண்ணப்பத்தைப் பங்குத்தந்தையின் மேசைமேல் காணாதவர் நம்மில் குறைவு.

இப்பட்டியலைப் பொறுமையாய் வாசித்தால் ஓர் உண்மை புலனாகிறது. பெரும்பாலான தடைகளின் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். வயதுத் தடையின் பின்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். முன்னைய பிணைப்பின் பின்னால், எங்கோ ஓர் ஊரில், ஒரு மனைவியோ கணவனோ காத்திருக்கிறார். குற்றத் தடையின் பின்னால் கொலையுண்ட ஒருவர் இருக்கிறார். கடத்தப்பட்ட பெண்ணைப் பற்றிய 1089ஆம் எண்ணோ இன்னும் தெளிவாய்ப் பேசுகிறது: கடத்தியவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாதுகாப்பான, தன்னுரிமையுள்ள இடத்தில் அவள் இருந்து, தானாகவே அவனைத் தேர்ந்துகொண்டாலன்றி, அத்திருமணம் செல்லாது. பீடத்துக்கு முன் நிற்கும் இருவரின் மகிழ்ச்சிக்கு நடுவே, அங்கே வரமுடியாத ஒருவருக்காகச் சட்டம் வாய் திறக்கிறது. இதுவே தடையின் உட்பொருள்.

குருத்துவத்துக்குரிய தடைகளிலும் இதே குரல் கேட்கிறது. திருப்பட்டம் பெறுவதற்குரிய தகுதியின்மைகளை 1041ஆம் எண்ணும், எளிய தடைகளை 1042ஆம் எண்ணும் கூறுகின்றன. கொலை செய்தவர், கருக்கலைப்புக்கு உடன்பட்டு அதை நிறைவேற்றியவர், திருமணப் பிணைப்போடு இருந்தும் வேறொரு திருமணத்துக்கு முயன்றவர் ஆகியோர் முதல் வகையில் அடங்குவர். மனைவியுள்ளவர் — நிலையான திருத்தொண்டராக விரும்புபவர் நீங்கலாக — இரண்டாம் வகையில் அடங்குவர். அவ்வகையிலேயே நாம் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு: குருக்களுக்குத் தகாத பொறுப்பொன்றை ஏற்றுக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய நிலையிலுள்ளவர், அக்கணக்கை ஒப்படைத்து விடுபடும்வரை பட்டம் பெற இயலாது. பிறர் பொருளையோ பொறுப்பையோ தொங்கவிட்டுவிட்டுப் பீடத்தின் படியேறாதே என்கிறது சட்டம். திருமணமாயினும் குருத்துவமாயினும் கேள்வி ஒன்றே: உன் பின்னால் யாரேனும் உன்னிடம் கணக்குக் கேட்டு நிற்கிறார்களா?

சட்டம் எக்காலத்தும் இக்கேள்வியைச் சரியாகவே கேட்டு வந்தது என்று நாம் சொல்லமாட்டோம். 1917ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில், முறையான திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவர் குருத்துவத்துக்குத் தகுதியற்றவர் என்றிருந்தது. துறவற வார்த்தைப்பாடு, விதிவிலக்கு போன்ற வழிகள் இருந்தன என்றாலும், பெற்றோரின் பிழைக்குப் பிள்ளை கணக்குக் கொடுக்கும் நிலையே அது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பு அத்தடையைக் கைவிட்டது. தவறான ஆளிடம் கணக்குக் கேட்டோம் என்று உணர்ந்து திருச்சபை தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது.

இதைப்போலவே கடலாயியின் வழக்கிலும் ஒரு திருத்தம் நிகழ்ந்துள்ளது. அதை நம்மில் பலர் அறியோம். பல மனைவியரை உடையவர் மனந்திரும்பித் திருமுழுக்குப் பெறும்போது என் செய்வது என்ற கேள்வி, மறைபரப்பு நாடுகளில் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. மூன்றாம் பவுல் 1537இலும், ஐந்தாம் பயஸ் 1571இலும், பதின்மூன்றாம் கிரகோரியார் 1585இலும் இதனையும் இதையொத்த சிக்கல்களையும் தீர்க்க ஆணைகள் விடுத்தனர். முதலில் மணந்தவள் யார் என்று நினைவில்லாதவன் ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது முதல் ஆணை. தன்னோடு திருமுழுக்குப் பெறுகிறவளோடு அவன் வாழலாம் என்றது அடுத்தது. அடிமைப்பட்டு நாடுவிட்டு நாடு கடத்தப்பட்டு, துணையைப் பிரிந்தவர்களின் துயருக்கு வழி கண்டது மூன்றாவது. இவ்வாணைகளை 1917ஆம் ஆண்டின் தொகுப்பு பிற நாடுகளுக்கும் விரித்தது. யாரை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு இவற்றில் விடை கிடைத்தது.

1983ஆம் ஆண்டின் தொகுப்பில் இது 1148ஆம் எண்ணாக அமைந்தது. பல மனைவியரையுடைய, திருமுழுக்குப் பெறாத ஒருவர் திருமுழுக்குப் பெறும்போது, முதல் மனைவியோடு வாழ்வது அவருக்குக் கடினமாயின், அவருள் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கலாம் என்கிறது முதற்பகுதி. மூன்றாம் பகுதியோ விலக்கப்பட்டவர்கள் பக்கம் முகம் திருப்புகிறது. அந்தந்த இடத்தின் ஒழுக்க, சமூக, பொருளாதார நிலைமைகளையும் மக்களின் நிலைமையையும் கருதி, முதல் மனைவிக்கும் விலக்கப்பட்ட ஏனையோருக்கும் வேண்டிய தேவைகள் நீதியின்படியும், கிறிஸ்தவ அன்பின்படியும், இயற்கை நியாயத்தின்படியும் போதிய அளவு நிறைவேற ஆயர் பொறுப்பேற்றுக் கவனிக்க வேண்டும் என்கிறது.

இதை வாசித்தபோது நாம் ஓரியூரை நினைத்தோம். 1693க்கும் 1983க்கும் இடையே இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள். நம் நாட்டிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் மறைபரப்புப் பணியில் கண்ட கண்ணீர் பலவும் சேர்ந்தே இப்பகுதியாகத் திரண்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். சட்டம் வறண்டது, இலக்கியமே இரக்கமுடையது என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். இங்கே நிலைமை தலைகீழாய் இருக்கிறது. சட்டம் விலக்கப்பட்டவளின் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறது. நாடகம் அவளைக் கோலால் விரட்டிச் சிரிக்கிறது.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. நாம் அறிந்த பங்கு ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன், ஒரு திருமணத்துக்கு இரண்டு ஓலைகள் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முன், வெளியூரிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து பங்குத்தந்தையின் இல்லத்துக்கு முன் நின்றாள். வேறொரு மறைமாவட்டத்துக் கோயிலின் திருமணப் பதிவேட்டு நகல் அவள் கையிலிருந்தது. மணமகன் அவள் கணவன். திருமணம் நின்றது, நிற்க வேண்டியதே. ஆனால் அன்று ஊர் பேசிய பேச்சை நாம் மறக்கவில்லை. ஏமாற்றியவனைப் பற்றி ஒருநாள்தான் பேசினார்கள். “கல்யாணத்தைக் கெடுக்க வந்தவள்” என்று அவளைப் பற்றி ஓராண்டு பேசினார்கள். யாரை அவள் காப்பாற்றினாளோ, அந்த மணப்பெண்ணின் வீட்டாரே அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். உச்சி வெயிலில் அவள் பேருந்துக்காக நின்றபோது, குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஒருவரும் முன்வரவில்லை. அங்கே நின்று பார்த்தவர்களில் நாமும் ஒருவர்.

அவள் செய்ததென்ன? தடை இருப்பதை அறிந்த இறைமக்கள் அனைவரும், திருமணம் நிகழ்வதற்கு முன், அதைப் பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 1069ஆம் எண். திருப்பட்டத்துக்குரிய தடைகளைப் பற்றி 1043ஆம் எண்ணும் இதே கடமையை நமக்கு விதிக்கிறது. கோயிலில் ஓலை வாசிப்பதும், பட்டம் பெறுவோரின் பெயரை அறிவிப்பதும் இதற்காகவே. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கமும் 1563இல் திரிதெந்தீன் சங்கமும் இவ்வறிவிப்பை வலியுறுத்தியதன் கருத்து, யாரேனும் எழுந்து பேசட்டும் என்பதே. நாமோ, மூன்று ஞாயிறும் எவரும் பேசாதிருப்பதையே நல்ல சகுனமாகக் கருதுகிறோம். பேசுகிறவரைப் பகைவராக நடத்துகிறோம். அருளானந்தர் நாடகத்தில் கடலாயியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கண்கள், பேருந்து நிறுத்தத்தில் நின்றவளையும் அவ்வாறே பார்த்தன. மேடையில் நாம் கற்பது வீதியில் வெளிப்படுகிறது. இலக்கியத்தின் பிழை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழ்ப் புலமை மரபு இவ்வாறு இருந்ததில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியின் இல்லத்தில் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்க்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்றனர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் அவ்வழக்கைப் பேசுகின்றன. பரிசில் வேண்டி வாழும் புலவர்கள், துறக்கப்பட்டவளின் துயர் நீங்குவதையே பரிசிலாகக் கேட்டார்கள். அவளுக்கு அவையில் பேச இடமில்லாதபோது, அவளுக்காகத் தமிழ் பேசியது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை நாம் பெருமையாய்ச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பழமையில் இதுவும் ஒன்று.

விவிலியமும் வழிகாட்டுகிறது. ஆபிரகாம் ஆகாரை மகனோடு அனுப்பிவிட்டதைத் தொடக்கநூல் மறைக்கவில்லை, நகைப்புக்கும் இடமாக்கவில்லை. அப்பமும் தண்ணீர்த் தோற்பையுமாக அவள் பாலைநிலத்தில் அலைந்ததையும், தண்ணீர் தீர்ந்ததையும், பிள்ளை சாவதைக் காணப்பொறாது அவள் எட்டப்போய் அமர்ந்ததையும், இறைவன் அப்பிள்ளையின் குரலைக் கேட்டதையும் சொல்கிறது. ஆபிரகாம் நம் விசுவாசத்தின் தந்தை. ஆகாரின் கண்ணீரைச் சொன்னதால் அவர் பெருமை குன்றிவிடவில்லை.

செஞ்சிக்கும் ஒரு பெண்ணின் நினைவு உண்டு. 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது மாண்ட தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். இராணிப்பேட்டை அவள் நினைவாகப் பெயர் பெற்றது என்பர். இன்றும் தேசிங்குராசன் கதையைப் பாடுவோர் அவளைப் பாடுகிறார்கள். வாய்பேசாது தீயில் இறங்கியவளின் பெயரில் ஓர் ஊர் எழுகிறது. வாய் திறந்து முறையிட்டவளுக்கு வசை கிடைக்கிறது. இந்த அளவுகோலைக் கிறிஸ்தவர்களாகிய நாமும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கடலாயிக்கு இரங்கினால் அருளானந்தரின் மறைசாட்சியம் மங்கிவிடாதா? குற்றமற்ற ஒருவர் கொலையுண்டதற்குக் காரணமானவளை நியாயப்படுத்துவதாகாதா? இவ்வையம் மதிக்கத்தக்கது. அவள் முறையீட்டின் விளைவு ஒரு புனிதரின் சாவு. அதை எவரும் நல்லதாக்க இயலாது. ஆனால் முறையிட்டது ஒன்று, வெட்டியது வேறு. தனக்கு நேர்ந்ததை உறவினனான அரசனிடம் சொல்வது, அக்காலத்தில் ஒரு பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரு வாயில். அதைக் கேட்ட அரசன் அவளுக்கு வாழ்வளிக்க வழி காணாமல், ஒரு துறவியின் சாவுக்கு வழி கண்டான். பாவம் அங்கே இருக்கிறது. மேலும், புனிதர்களின் பெருமை பகைவர்களைக் கரிபூசிக் காட்டுவதால் வளர்வதன்று. அருளானந்தர் சாவை மகிழ்வோடு எதிர்கொண்டார். அத்தகையவர் தம்மைக் காட்டிக்கொடுத்தவளையும் தம் ஆடுகளில் ஒன்றாகவே எண்ணியிருப்பார் என்று நம்ப நமக்கு உரிமையுண்டு. அவர் மன்னித்தவளை நம் மேடை மட்டும் மன்னிக்காதிருப்பது பொருத்தமன்று.

ஆகவே நாடக ஆசிரியர்களுக்கும் கூத்து வாத்தியார்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. விலக்கும் காட்சியைக் கட்டியங்காரனிடமிருந்து மீட்டெடுங்கள். அப்பெண்களுக்கு ஒரு வரிசை நிற்பதைத் தவிர வேறு வேலையும் கொடுங்கள். இனி எங்கே போவது, பிள்ளைகளுக்கு யார் சோறிடுவது என்று அவர்களில் ஒருத்தியேனும் கேட்கட்டும். அவர்களுக்கு என்ன வகை செய்யப்பட்டது என்ற கேள்வி மேடையில் ஒருமுறையேனும் ஒலிக்கட்டும். கடலாயி அவைக்கு வரும்போது செவ்விளக்கை அணைத்துவிடுங்கள். வரலாற்றை மாற்ற வேண்டியதில்லை; ஒருநெறி உண்மையாயிருக்கும்போதே அந்நெறியால் காயப்படுவோரும் உண்டு என்பதைச் சபை உணர்ந்தால் போதும். அதை உணர்ந்த சபையே அருளானந்தர் எதற்காகத் தலைகொடுத்தார் என்பதையும் ஆழமாய் உணரும்.

கூத்து முடிந்த காலையில், உறக்கமில்லாத கண்களோடு பனமலைக் குன்றின்மேல் ஏறினோம். இராசசிம்ம பல்லவன் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. சிற்றறை ஒன்றின் சுவரில் பல்லவர் ஓவியத்தின் எச்சம் உள்ளது. நடனமிடும் இறைவனின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. குடையின்கீழ், ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, தலைசாய்த்துப் பார்த்துநிற்கும் தேவியின் உருவம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நம் வழிபாட்டுக்குரியதன்று எனினும், நம் நாட்டு ஓவியன் ஒருவன் ஒரு பெண்ணின் பார்வையை எத்துணை மதித்துத் தீட்டியிருக்கிறான் என்று வியந்து நின்றோம். முந்தைய இரவு முறத்தோடு ஓடிய உருவம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. நம் சிரிப்பும் நினைவுக்கு வந்தது.

இறங்கி வரும்போது, வேடத்தைக் கலைத்துவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த கூத்து வாத்தியாரைக் கண்டு, நம் மனத்திலிருந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்க கேட்டதைத்தாங்க ஆடுறோம். அந்த இடத்துக்கு ஒரு விருத்தம் எழுதிக் கொடுங்க, அடுத்த வருஷம் பாடிடலாம்” என்றார். திறனாய்வு செய்யப் போன நமக்கு அவர் வேலை கொடுத்துவிட்டார். அது நியாயமே. பேகனிடம் சென்ற புலவர்கள் குறைசொல்லித் திரும்பவில்லை, அவளுக்காகப் பாடினார்கள். அந்த விருத்தத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம். வாசகர்களில் வல்லவர்கள் இருப்பின், நம்மினும் நன்றாய் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். அடுத்த பிப்ரவரிக்கு இன்னும் காலம் இருக்கிறது.